துணைக்கோள்கள் விழாமை ஏன்?

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில நாள் முன்னர், விடுதி மாணவர் சிலரோடு மாலைப் பொழுதில் விளையாட்டு வெளியில் அமர்ந்திருந்தேன். கதிரவன் மறைந்து இரண்டு நாழிகை சென்றிருக்கும். மேற்றிசையில் விண்மீன் போன்றதோர் ஒளிப்பொருள் எழுந்து, மினுக்குதலின்றி, ஓசையுமின்றி, வானின் நடுவே ஊர்ந்து சென்று, கீழ்த்திசையிற் புவியின் நிழலுட் புகுந்து, விளக்கு அவிந்தாற்போல மறைந்தது. அது பன்னாட்டு விண்வெளி நிலையம் என்றும், தரைக்கு மேல் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் அதனுள் மக்கள் சிலர் வாழ்ந்து வருகின்றனர் என்றும் கூறினேன்.

“அவ்வளவு உயரத்திலே பூமியின் இழுப்பு இல்லாமையாலேதானே, ஐயா, அது விழாமல் மிதக்கின்றது?” என்று மாணவர் ஒருவர் வினவினார்.

“அன்று, தம்பி. பூமியின் இழுப்பு அங்கும் உண்டு. அது விழுந்துகொண்டேதான் இருக்கின்றது” என்றேன்.

மாணவர் அனைவரும் நகைத்தனர். அதற்குள் உணவு மணி அடித்துவிட்டமையால் உரையாடல் அவ்வளவில் முறிந்தது. ஆயின் யான் கூறியது விளையாட்டு மொழியன்று. கற்றோருட் பலரும் மயங்கும் இடம் இதுவாகலின், அன்று அரைகுறையாக நின்ற விடையை ஈண்டு முறைப்பட எழுதத் துணிந்தேன்.

முதற்கண், புவியின் கவர்ச்சி உயரே செல்லச் செல்ல எவ்வளவு குறைகின்றது என்பதை ஆராய்வோம். இக்கவர்ச்சியைக் கணக்கிடுங்கால், தொலைவைத் தரையினின்று அளத்தல் கூடாது; புவியின் மையத்தினின்றே அளத்தல் வேண்டும். மையத்தினின்று தரை 6,378 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அதனோடு 400 கிலோமீட்டரைக் கூட்டினால், முன்னிருந்த தொலைவில் பதினாறில் ஒரு பங்கே மிகுகின்றது. ஆதலின் அவ்வுயரத்திற் புவியின் கவர்ச்சி, தரையிலுள்ளதில் நூற்றுக்கு 88 பங்கு குறையாமல் நிற்கின்றது. அத்துணை உயரமான கோபுரம் ஒன்று எழுப்பி, அதன் உச்சியில் ஒருவர் நிற்பாராயின், தரையில் அவர்க்கு 60 கிலோகிராம் காட்டிய சுருள்வில் தராசு அங்கே 53 காட்டும். அவ்வளவே வேறுபாடு. அக்கோபுரத்தினின்று கால் தவறினால் அவர் மிதக்கமாட்டார், வீழ்வார். அங்ஙனமாயின், அதே உயரத்திற் செல்லும் நிலையம் மட்டும் தரையை வந்து சேராமை ஏன்?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் ஐசக் நியூட்டன் என்னும் பேரறிஞர். அவர் 1727-ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்கடுத்த ஆண்டில் வெளிவந்த அவரது நூலொன்றில் இவ்விளக்கம் காணப்படுகின்றது. மிக உயர்ந்த மலையொன்றின் முடியிற் பீரங்கி ஒன்று வைத்து, காற்றின் தடையே இல்லையெனக் கொண்டு, குண்டைக் கிடையாகச் சுடுவோமாக. குண்டு வளைந்து சென்று சிறிது தொலைவில் மண்ணில் விழும். வேகத்தை மிகுத்தால் இன்னும் தொலைவில் விழும். ஈண்டுக் கருதற்பாலன இரண்டு. ஒன்று, குண்டு எவ்வளவு விரைந்து முன்னோக்கிச் சென்றாலும், தரையை அடுத்த உயரங்களில் அது முதல் நொடியிற் கீழ்நோக்கி விழும் அளவு 4.9 மீட்டரே. மற்றொன்று, புவி தட்டையன்று, உருண்டை. நேர்கோட்டில் 7.9 கிலோமீட்டர் சென்றால், புவியின் மேற்பரப்பு அக்கோட்டினின்று 4.9 மீட்டர் கீழே வளைந்து போயிருக்கும்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குக. நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பொருளைக் கிடையாக எறிந்தால், ஒரு நொடியில் அது 4.9 மீட்டர் விழுகின்றது. அதன் கீழுள்ள நிலமும் அதே 4.9 மீட்டர் விலகிப்போகின்றது. அடுத்த நொடியிலும் அவ்வாறே. விழுதல் இடைவிடாது நிகழ்கின்றது. தரையைச் சேர்தல் மட்டும் ஒருபோதும் நிகழ்வதில்லை. துணைக்கோள் என்பது இங்ஙனம் முடிவின்றி விழும் பொருளேயாம். விண்கலத்தை ஏவும் இராக்கெட்டின் பெரும்பாலான உழைப்பு உயரே தூக்குவதற்கன்று, பக்கவாட்டில் இவ்வேகத்தை ஊட்டுவதற்கே செலவாகின்றது. உயரம் வேண்டப்படுவது காற்றின் தடையினின்று தப்புதற்பொருட்டு.

நிலையத்திலுள்ளோர் மிதப்பதன் காரணமும் இதனால் விளங்கும். கல்லைக் கையிலேந்திக் கிணற்றிற் குதிக்கும் சிறுவன், நீரைத் தொடும்வரை அக்கல்லின் பாரத்தை உணரான். கல்லும் அவனும் ஒருங்கே விழுகின்றமையின் கல் அவன் கையை அழுத்துவதில்லை. நிலையமும் அதனுள்ளிருப்போரும் அவர் உண்ணும் உணவும் யாவும் ஒருங்கே விழுகின்றன. ஆதலின் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. சிறுவனுக்கு இமைப்பொழுதில் முடிவது, அவர்கட்குத் திங்கட்கணக்கில் நீள்கின்றது.

இனி, எல்லாத் துணைக்கோள்களும் ஒரே வேகத்திற் செல்வனவோ எனின், அல்ல. 1619-ஆம் ஆண்டிற் கெப்ளர் என்னும் வானநூலறிஞர் கோள்கள் கதிரவனைச் சுற்றும் முறையில் ஒரு விதி கண்டு வெளியிட்டார். சுற்றும் காலத்தின் இருமடிப் பெருக்கம், மையத்தினின்று உள்ள தொலைவின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப அமையும் என்பது அது. புவியைச் சுற்றும் பொருள்கட்கும் இவ்விதி பொருந்தும். ஓர் எளிய உதாரணம் காட்டுவேன். தரைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துணைக்கோள் புவியை ஏறக்குறைய ஒரு நாளில் சுற்றி வருகின்றது. சந்திரன் அதனைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு தொலைவிலுள்ளது. ஒன்பதை மும்முறை பெருக்கினால் 729. எவ்வெண்ணை இருமுறை பெருக்கினால் 729 வரும்? 27. சந்திரன் புவியைச் சுற்றும் காலமும் 27 நாளும் சிறிதுமே ஆகும். மக்கள் கையால் ஏவிய பெட்டியும், இயற்கை வைத்த நிலவும் ஒரே கணக்கிற்குக் கட்டுப்பட்டுச் செல்கின்றன.

ஆகவே, தாழ்ந்த பாதையிற் செல்வது விரைவாகவும், உயர்ந்த பாதையிற் செல்வது மெதுவாகவும் செல்லும். 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள நிலையம் நொடிக்கு 7.67 கிலோமீட்டர் சென்று 92 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கின்றது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 12 மணி நேரத்திற்கு ஒருமுறை சுற்றுகின்றன. பொறியாளர் ஓர் உயரத்தைத் தேர்ந்துகொண்டால், வேகத்தையும் சுற்றுக் காலத்தையும் இயற்கையே விதித்துவிடுகின்றது. அவற்றை மாற்றுதற்கு இயலாது.

மேலே கூறிய 35,786 கிலோமீட்டர் உயரத்திற்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. அங்கே சுற்றுக் காலம் 23 மணி 56 நிமிடம். புவி தன்னைத்தான் ஒருமுறை சுற்றிக்கொள்ளும் காலமும் அதுவே. ஆதலின் அங்குள்ள துணைக்கோள், கீழிருந்து நோக்குவார்க்கு அசையாது நிற்பதுபோற் காணப்படும். இவ்வுயரத்திற் செய்தி அஞ்சல் நிலையங்களை வைக்கலாம் என்று ஆர்தர் கிளார்க் என்பவர் 1945-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1964-ஆம் ஆண்டில் சின்காம் 3 என்னும் துணைக்கோள் அதனை மெய்ப்பித்தது. நம் வீட்டுக் கூரைமேல் உள்ள தொலைக்காட்சித் தட்டு ஒரே திசையை நோக்கி அசையாதிருப்பது இக்காரணம்பற்றியே. ஆயினும், ஒரு துணைக்கோளைச் சென்னைக்கு நேர் மேலே நிறுத்தி வைத்தல் ஒருவராலும் இயலாது. புவியின் கவர்ச்சி மையத்தை நோக்கியே இழுப்பதனால், எப்பாதையும் மையத்தைச் சூழ்ந்தே அமைதல் வேண்டும். புவியின் சுழற்சியோடு ஒட்டி நிற்கும் அத்தகைய பாதை நிலநடுக்கோட்டின் மேலுள்ளது ஒன்றே.

இதற்கு நேர்மாறானது துருவங்களின் அருகே செல்லும் தாழ்ந்த பாதை. புவி முற்றும் உருண்டையன்று. நடுக்கோட்டருகே ஆரம் 21 கிலோமீட்டர் மிகுந்து புடைத்துள்ளது. இப்புடைப்பின் இழுப்பினால், சற்றே சாய்ந்த பாதையின் தளம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பாகை திரும்பி, ஓராண்டில் ஒரு முழுச் சுற்றுத் திரும்புமாறு அமைக்கலாம். அவ்வாறமைந்த துணைக்கோள் ஓர் ஊரை எந்நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்திற் கடக்கும். 1988-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏவப்பெற்ற நம் நாட்டு ஐ.ஆர்.எஸ். 1ஏ இத்தகையது. வெயில் விழும் சாய்வு நாடோறும் பெரிதும் மாறாமையால், ஏரியின் நீர்ப்பரப்பையும் பயிரின் செழிப்பையும் வேறு வேறு நாட்களிற் படம்பிடித்து ஒப்புநோக்குதல் எளிதாயிற்று.

நிற்க. மறுநாட் காலையில் அம்மாணவரே என் அறை வாயிலில் வந்து நின்றார். முன்னாள் வினாவினும் சிறந்ததொரு வினாவை இரவெல்லாம் எண்ணிக் கொணர்ந்திருந்தார்.

“ஐயா, ஹப்பிள் தொலைநோக்கி சிறிது சிறிதாகக் கீழே இறங்கி வருகின்றது என்று செய்தித்தாளிற் படித்தேன். இன்னும் உயரத்தில் வைத்திருந்தால் இறங்காதல்லவா? அறிஞர்கள் இதனை அறியாமலா வைத்தார்கள்?”

இவ்வினாவிற்கு விடை ஒரு வரியிற் கூறத்தக்கதன்று. முதலில், தொலைநோக்கியை விண்ணில் வைப்பது விண்மீன்களை நெருங்குதற்கன்று என்பதை உணர்தல் வேண்டும். விண்மீன்களின் தொலைவை நோக்க, 600 கிலோமீட்டர் என்பது ஒரு பொருட்டன்று. நம் தலைமேலுள்ள காற்றுத் திரையைக் கடத்தலே நோக்கம். காற்று விண்மீனின் உருவை நடுங்கச் செய்கின்றது. புறஊதாக் கதிர்களிலும் அகச்சிவப்புக் கதிர்களிலும் பெரும்பகுதியை மறைக்கின்றது. எக்ஸ் கதிர்களைத் தரைக்கு வரவே விடுவதில்லை.

2.4 மீட்டர் ஆடியுடைய ஹப்பிள் 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் டிஸ்கவரி என்னும் விண்ணோடத்திற் சென்றது. ஏறக்குறைய 600 கிலோமீட்டர் உயரமே அவ்வகை ஓடங்கள் சுமையோடு சென்று மீளத்தக்க எல்லையை அடுத்ததாகும். தாழ்ந்த பாதையின் இழப்புக்கள் பல. புவியே வானின் பெரும்பகுதியை மறைத்து நிற்கும். 95 நிமிடச் சுற்றிற் பாதியளவு, நோக்கும் விண்மீன் புவிக்கு அப்பால் ஒளிந்துவிடும். தென்னமெரிக்காவின் பக்கத்தே மின்துகள் வளையம் தாழ்ந்து வருமிடத்தில் நோக்குதலையே நிறுத்த வேண்டும். இவையன்றி, அவ்வுயரத்தில் எஞ்சியுள்ள மிக மெல்லிய காற்று, கலத்தை ஓயாது உரசிக்கொண்டிருக்கும்.

இவற்றையெல்லாம் அறிந்தே அப்பாதையைத் தேர்ந்தனர். ஏனெனின், மனிதர் கை சென்று எட்டும் இடம் அது. அத்தேர்வின் அருமை விரைவில் விளங்கிற்று. ஏவிய சில வாரங்களில் வந்த படங்கள் மங்கலாயிருந்தன. ஆடியின் விளிம்பு, ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூறில் ஒரு பங்களவு மிகையாகத் தேய்க்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் எண்டவர் என்னும் ஓடத்தில் எழுவர் சென்று, ஐந்து நாள் முறைவைத்து வெளியே இறங்கி உழைத்து, அப்பிழையைத் திருத்தும் கருவிகளைப் பொருத்தினர். பின்னர் 1997, 1999, 2002, 2009 ஆகிய ஆண்டுகளிலும் மனிதர் சென்று பழுது நீக்கினர். ஓடத்தின் விசையால் அதன் பாதையை உயர்த்தியும் விட்டனர். ஹப்பிள் எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருப்பின், அது மங்கிய கண்ணோடு என்றும் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

ஆயின் அவ்வோடங்கள் 2011-ஆம் ஆண்டோடு ஓய்ந்தன. உயர்த்திவிடும் கை நின்றது; உரசும் காற்று நிற்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் அதன் உயரம் ஏறக்குறைய 540 கிலோமீட்டராயிருந்தது. இவ்விடத்து ஒரு புதுமை காண்க. காற்றின் தடை பட்ட பொருள் வேகம் குறைதல் நாம் நிலத்திற் காண்பது. துணைக்கோளோ தடைபட்டதும் தாழ்கின்றது. தாழ்ந்ததும், கெப்ளர் விதிப்படி, முன்னிலும் விரைகின்றது. அங்கே காற்றுச் செறிவு மிகுதலின் இன்னும் தாழ்கின்றது. கதிரவனிற் கிளர்ச்சி மிகும் ஆண்டுகளில் மேற்காற்றுச் சூடேறி விரிதலின் இறக்கம் விரைவுபடும். 1973-ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற ஸ்கைலாப் நிலையத்தை உயர்த்த ஓடம் ஒன்று வருமென எதிர்பார்த்திருந்தனர். ஓடம் முதன்முதற் பறந்தது 1981-ஆம் ஆண்டில். நிலையமோ 1979-ஆம் ஆண்டு சூலையிலேயே விழுந்து, அதன் துண்டுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிற் சிதறின.

அங்ஙனமாயின், மிக உயரே வைத்தலே மேலாமோ? அவ்வாறு வைக்கப்பெற்றனவும் உண்டு. இளமையிற் சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பயின்று, 1983-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகப் பெயரிடப்பெற்ற சந்திரா என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, 1999-ஆம் ஆண்டு சூலையில் ஏவப்பெற்றது. அதன் பாதை வட்டமன்று, மிக நீண்ட நீள்வட்டம். புவியினின்று அது சந்திரனிருக்கும் தொலைவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற் சென்று, ஏறக்குறைய 64 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றுகின்றது. நீள்வட்டத்திற் செல்லும் பொருள் புவிக்கு அருகில் விரைந்தும் தொலைவில் தயங்கியும் செல்லும். ஆகவே, மின்துகள் வளையங்களுக்கு அப்பால் அது நெடும்பொழுது தங்கி, இடையூறின்றி நோக்குகின்றது.

அதனினும் அப்பாற் சென்றது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் ஏவப்பெற்று, 2022-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள், புவிக்கு 15 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தன் இடத்தை அடைந்தது. அது நோக்குவது அகச்சிவப்புக் கதிர்களை. அவை வெப்பத்தின் கதிர்கள். தானே சூடாயிருக்கும் கருவி அவற்றைக் காணமாட்டாது. புவியின் அருகிலிருப்பின் புவியின் வெம்மையே அதனைத் தாக்கும். கதிரவனுக்கு எதிர்ப்புறமாகப் புவிக்கு அப்பாலுள்ள அவ்விடத்தினின்று நோக்கினால், கதிரவனும் புவியும் சந்திரனும் ஒரே பக்கத்தில் நிற்கும். ஐந்து மடிப்புள்ள ஒரே குடை மூன்றையும் மறைத்துவிடும். கெப்ளர் விதிப்படி, கதிரவனுக்கு மிகுந்த தொலைவிலுள்ள பொருள் புவியினும் பிந்துதல் வேண்டுமன்றோ? அவ்விடத்திற் புவியின் இழுப்பும் கதிரவனின் இழுப்போடு சேர்தலின், அது பிந்தாது புவியோடு ஒப்ப ஓராண்டிற் சுற்றுகின்றது. இத்தகைய இடங்கள் உண்டென்பதை ஆராய்ந்து காட்டியவர் லக்ராஞ்சு. அஃது 1772-ஆம் ஆண்டு. நம் நாட்டின் ஆதித்யா எல்1 இதற்கு மறுபுறத்தில், கதிரவனை நோக்கிய பக்கத்தில் அமைந்த இடத்தை 2024-ஆம் ஆண்டு சனவரியில் அடைந்து, புவியின் மறைப்பின்றிக் கதிரவனை ஆராயத் தொடங்கிற்று.

எனினும், இவ்விடமும் இழப்பற்றதன்று. அது மேட்டின் முகட்டில் வைத்த பந்து போல்வது. சிறிது சறுக்கினும் மேன்மேலும் சறுக்கும். ஆதலின் சில வாரங்களுக்கு ஒருமுறை எரிபொருள் செலவிட்டு நிலைதிருத்த வேண்டும். எரிபொருள் தீருங்கால் அதன் தொண்டும் தீரும். பழுது நேரின் சென்று திருத்தும் கை இல்லை. 2022-ஆம் ஆண்டு மே திங்களில் விண்துகள் ஒன்று அதன் ஆடித் துண்டுகளுள் ஒன்றைத் தாக்கி வடுச் செய்தது. அவ்வடு என்றும் வடுவே.

“ஆகவே, தம்பி, அறிஞர்கள் அறியாது வைத்தாரல்லர். ஹப்பிளின் பாதை தாழ்ந்திருந்தமையாற்றான் அதன் கண் திருத்தப்பட்டது. தாழ்ந்திருந்தமையாற்றான் அது இறங்குகின்றது. ஒன்றை வேண்டுவார் மற்றொன்றை ஏற்றேயாக வேண்டும்” என்றேன்.

அவர் சிறிது நேரம் வாளா இருந்து, “அப்படியானால் அந்தக் காற்றின் உரசல் தீமைதானே?” என்றார்.

அதுவும் முழுவதும் உண்மையன்று. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், ஏறக்குறைய 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிவந்த இரிடியம் துணைக்கோள் ஒன்றும், செயலிழந்த ருசியத் துணைக்கோள் ஒன்றும் மோதிப் பல்லாயிரம் துண்டுகளாயின. அவ்வுயரத்திற் காற்று மிகமிக மெல்லியதாகலின், அத்துண்டுகளுட் பல நெடுங்காலம் சுற்றும். ஒவ்வொன்றும் துப்பாக்கிக் குண்டினும் விரைந்தது. தாழ்ந்த பாதைகளிலோ, இறந்த கலங்களைக் காற்றே சில ஆண்டுகளில் இறக்கி எரித்துத் தூய்மை செய்துவிடுகின்றது. நம் நாட்டின் முதல் துணைக்கோளாகிய ஆரியபட்டா 1975-ஆம் ஆண்டில் 600 கிலோமீட்டரை அடுத்த உயரத்தில் ஏவப்பெற்று, 1992-ஆம் ஆண்டில் இங்ஙனமே மறைந்தது. எவர்க்கும் தடையாக அங்கே நிற்கவில்லை. 2019-ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான துணைக்கோள்கள் தாழ்ந்த பாதைகளில் நிரப்பப்பட்டு வரும் இக்காலத்தில், அக்காற்றின் துப்புரவுப் பணி சிறிதன்று. ஹப்பிளுக்குப் பகையானது, விண்வெளிக்கு நட்பாகின்றது.

இதுகாறும் கூறியவாற்றால், துணைக்கோள் விழாதிருப்பது கவர்ச்சி இன்மையாலன்று, கவர்ச்சியினாலேயே என்பதும், பாதை ஒவ்வொன்றும் ஒரு நன்மைக்கு ஓர் இழப்பை விலையாகக் கொள்ளும் என்பதும் விளங்கும்.

விடுமுறை கழிந்து கல்லூரி திறந்தபின் ஒரு மாலை, அவ்வொளிப்பொருள் மீண்டும் விளையாட்டு வெளிக்கு மேலே ஊர்ந்து வந்தது. புதிதாய் வந்த மாணவர் ஒருவர் அண்ணாந்து நோக்கி, அஃது ஏன் விழவில்லை என்று வினவியது என் செவியிற் பட்டது. யான் வாய் திறக்குமுன், “யார் சொன்னது விழவில்லையென்று?” என நம் மாணவர் தொடங்கிவிட்டார். உணவு மணி அடித்து நெடுநேரம் ஆகியும் அவ்விருவரும் எழுந்திலர்.